கருக்கலைப்பு உரிமைக்காகக் கண்காட்சியும் சொந்தக் கதைகளும்: அயர்லாந்தின் அனுபவத்திலிருந்து ஒரு வழிகாட்டி

1983 செப்டம்பரில் அயர்லாந்தில் நடந்த பொதுவாக்கெடுப்பில், வாக்களித்தவர்களில் 66.9 சதவீதம் பேரின் ஆதரவோடு அந்நாட்டு அரசியலமைப்பில் எட்டாவது திருத்தம் சேர்க்கப்பட்டது. கருவில் இருக்கும் உயிருக்கும் அதைச் சுமக்கும் பெண்ணுக்கும் சமமான வாழ்வுரிமை உண்டு என்று கூறிய அந்தத் திருத்தம், நடைமுறையில் ஏறத்தாழ எல்லாக் கருக்கலைப்புகளுக்கும் தடையாக நின்றது. 35 ஆண்டுகள் கழித்து, 2018 மே 25 அன்று, அதே நாட்டில் வாக்களித்தவர்களில் 66.4 சதவீதம் பேர் அதை நீக்கச் சொன்னார்கள். இடைப்பட்ட காலத்தில் அங்கே பல மாறியிருந்தன என்றாலும், அன்று வாக்குச்சாவடியிலிருந்து வெளியே வந்தவர்களிடம் பொது ஒலிபரப்பு நிறுவனமான ஆர்டிஇ நடத்திய கருத்துக்கணிப்பு ஒரு செய்தியைத் தெளிவாகச் சொன்னது. தங்கள் முடிவைப் பாதித்தது எது என்ற கேள்விக்கு, ஊடகங்களில் வந்த சொந்தக் கதைகள் என்று 43 சதவீதம் பேரும், தமக்குத் தெரிந்த ஒருவரின் அனுபவம் என்று 34 சதவீதம் பேரும் பதிலளித்திருந்தார்கள்.

அந்தக் கதைகள் எளிதில் வெளியே வந்தவை அல்ல. 1980 முதல் 2016 வரை பிரிட்டனுக்குச் சென்று அயர்லாந்து முகவரியைக் கொடுத்துக் கருக்கலைப்பு செய்துகொண்ட பெண்களும் சிறுமிகளும் 1,70,000-க்கு மேற்பட்டவர்கள். அவர்களில் பலர் அதைப் பெற்ற தாயிடம்கூடச் சொல்லாமல் பல ஆண்டுகள் வாழ்ந்தார்கள். சொல்லப்படாமல் கிடந்த அந்த அனுபவங்களைச் சுவர்களிலும் கூடங்களிலும் வீதிகளிலும் மற்றவர்கள் நின்று பார்க்கும்படி வைத்தவர்கள் ஓவியர்களும் நாடகக் கலைஞர்களும் சாதாரணப் பெண்களும்தாம். அவர்கள் செய்தவற்றில் எதைப் பின்பற்றலாம், எங்கே எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்பதை, இத்தகைய கண்காட்சி ஒன்றை நடத்த விரும்புவோருக்காக இங்கே எழுதுகிறேன். இதில் நான் மற்ற எல்லாவற்றுக்கும் மேலாக வைப்பது ஒன்றைத்தான்: கதை, அதை வாழ்ந்த பெண்ணுக்குச் சொந்தமானது, அந்த உரிமையைக் கடைசி வரை அவளிடமே விட்டுவைக்கும் கண்காட்சியைத்தான் பார்ப்பவர்களும் நம்புகிறார்கள்.

யாருக்காக, எதைக் கேட்டு

கதை சேகரிக்கப் புறப்படும் முன் இரண்டு கேள்விகளுக்கு ஒரே ஒரு வரியில் பதில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கண்காட்சியைப் பார்த்துவிட்டுப் போகிறவர் எதை ஆதரிக்க வேண்டும் என்று கேட்கிறோம்? அப்படி ஆதரிக்க வேண்டியவர் யார்? அயர்லாந்தில் முதல் கேள்விக்கான பதில் மிகத் தெளிவாக இருந்தது: எட்டாவது திருத்தம் நீக்கப்பட வேண்டும். 2016-இல் இளைஞர்கள் அணிந்து திரிந்த கறுப்பு மேற்சட்டையில் நீக்குக என்று பொருள்படும் ‘ரிப்பீல்’ என்ற ஒரே சொல்தான் வெள்ளை எழுத்தில் இருந்தது. உங்கள் ஊரில் கோரிக்கை வேறாக இருக்கலாம். மாவட்ட அரசு மருத்துவமனையில் வாரத்தின் எல்லா நாளும் இந்தச் சேவை கிடைக்க வேண்டும் என்பதாகவோ, சட்டம் கேட்காத கணவரின் கையெழுத்தை மருத்துவமனைகள் கேட்கக் கூடாது என்பதாகவோ இருக்கலாம். கோரிக்கை சிறியதாக இருப்பதில் தவறேதும் இல்லை. ஆனால் அது ஒன்றாக இருக்க வேண்டும்.

இரண்டாவது கேள்விக்குப் பலரும் பொதுமக்கள் என்று பதில் சொல்வார்கள், அது போதாது. ஏற்கெனவே உறுதியாக ஆதரிப்பவரும் உறுதியாக எதிர்ப்பவரும் கண்காட்சியால் மாறுவது அரிது. மனதுக்குள் இரக்கமும் தயக்கமும் கலந்து கிடக்க, இதைப் பற்றி யாரிடமும் பேசியிராத நடுவயதுப் பெண்ணும் ஆணும்தான் உங்கள் பார்வையாளர்கள். அவர்களிடம் வாதம் செய்யாமல், அவர்கள் யாருடைய பார்வையிலும் படாமல் நின்று வாசிக்கவும் கேட்கவும் இடம் கொடுப்பதே கண்காட்சி என்ற வடிவத்தின் பலம். மேடைப் பேச்சுக்கும் தொலைக்காட்சி விவாதத்துக்கும் இந்தப் பலம் கிடையாது.

கதையைக் கேட்பது

சமூக ஊடகத்தில் பொது அறிவிப்பு கொடுத்து, உங்கள் கதையை அனுப்புங்கள் என்று கேட்பது எளிய வழி. தொடக்கத்திலேயே அதைச் செய்ய வேண்டாம் என்பது என் கருத்து. அனுப்பியவர் எந்த மனநிலையில் அனுப்பினார், அருகில் யார் இருந்தார், மறுநாள் வருந்தினாரா என்று எதுவும் நமக்குத் தெரியாது. முதலில் ஏற்கெனவே நம்பிக்கை உள்ள வட்டங்களின் வழியாகச் செல்லுங்கள்: பெண்கள் அமைப்புகள், ஆலோசனை வழங்குவோர், ஓய்வுபெற்ற செவிலியர்கள், சுய உதவிக் குழுக்களில் எல்லோரும் மதிக்கும் மூத்த பெண்மணி. இவர்கள் வழியாகச் செய்தி போய், விருப்பமுள்ளவர் தாமாக உங்களை அழைக்க வேண்டுமே தவிர, நீங்கள் ஒருவரின் பெயரை வாங்கிக்கொண்டு அவர் வீட்டுக் கதவைத் தட்டக் கூடாது.

முதல் சந்திப்பில் பதிவுக் கருவி வேண்டாம். எதற்காகச் சேகரிக்கிறோம், எங்கே வைக்கப்போகிறோம், யார் யார் பார்ப்பார்கள், என்ன தொல்லை வரக்கூடும் என்பதையெல்லாம் மறைக்காமல் சொல்லிவிட்டு, சில நாள் யோசிக்கச் சொல்லிவிட்டு வாருங்கள். யோசித்தபின் வேண்டாம் என்று சொல்பவரிடம் காரணம் கேட்காதீர்கள். சம்மதிப்பவரிடம் இரண்டாவது சந்திப்பின் முதல் கேள்வியாக, எந்தெந்தச் செய்தி வெளியே வரவே கூடாது என்று கேளுங்கள். இந்தக் கேள்வியோடு தொடங்கினால் தன் கதையின் எல்லையைத் தானே வகுக்கிறோம் என்பது அவருக்குப் புரியும். பிறகு அந்த எல்லைக்குள் மனம் திறந்து பேசுவார்.

அதன் பின்னர், ஏன் செய்தீர்கள் என்று ஒருபோதும் கேட்காதீர்கள். அந்தக் கேள்வியை அவர் கணவரிடமிருந்தும் மாமியாரிடமிருந்தும் மருத்துவரிடமிருந்தும் ஏற்கெனவே கேட்டிருப்பார். அது அவரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தி, தன்னை நியாயப்படுத்திப் பேச வைக்கும். மாறாக, நாள் தள்ளிப்போனது தெரிந்த வாரம் எப்படி இருந்தது, முதலில் யாரிடம் சொன்னீர்கள், மருத்துவமனைக்கு எப்படிப் போனீர்கள், யார் உடன் வந்தார்கள், வீட்டுக்கு வந்து என்ன சாப்பிட்டீர்கள் என்று நடந்தவற்றைக் கேளுங்கள். பார்ப்பவரின் மனதைத் தொடுவது இத்தகைய விவரங்கள்தாம். அயர்லாந்தின் கதைகளில் மீண்டும் மீண்டும் வந்தவையும் அதிகாலை விமானமும், வேலையிடத்தில் சொன்ன பொய்யும், கடன் வாங்கிய பணமும், இரத்தப்போக்கோடு வீடு திரும்பிய பயணமும்தான்.

எழுதும்போது அவர் பேச்சைத் திருத்தி மெருகேற்றாதீர்கள். சுத்தம் பண்ணிக்கிட்டேன் என்று ஒரு பெண் சொல்லியிருந்தால், அதைக் கருக்கலைப்பு மேற்கொண்டேன் என்று மாற்றுவது அவரை அவருடைய கதையிலிருந்தே அப்புறப்படுத்துவதாகும். எழுதி முடித்ததை அவரிடம் கொண்டுபோய், வாசிக்கத் தெரியாதவராக இருந்தால் உரக்கப் படித்துக் காட்டி, அவர் நீக்கச் சொன்னதை நீக்குங்கள். கதையின் மிக உருக்கமான வரியே அதுவாக இருந்தாலும் வாதாடாமல் நீக்குங்கள்.

ஒப்புதலை ஒரே கையெழுத்தில் முடித்துவிடுவது தவறான வழக்கம். கண்காட்சியில் எழுத்தாக வைப்பதற்கு ஒன்று, குரலைப் பயன்படுத்துவதற்கு ஒன்று, பார்வையாளர்கள் அதைப் படம் பிடிப்பதற்கு ஒன்று, பத்திரிகைக்குக் கொடுப்பதற்கு ஒன்று, இணையத்தில் ஏற்றுவதற்கு ஒன்று, பின்னர் ஆவணமாகப் பாதுகாப்பதற்கு ஒன்று எனத் தனித்தனியாகக் கேட்டுத் தனித்தனியாகப் பதில் பெற வேண்டும். எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்று வாக்குக் கொடுக்கும்போதே, சுவரில் தொங்குவதை அன்றே எடுத்துவிட முடியும், ஆனால் யாரோ ஒருவர் கைபேசியில் எடுத்துப் பரப்பிய படத்தைத் திரும்பப் பெற முடியாது என்ற உண்மையையும் சொல்லிவிடுங்கள். கதை சொல்பவர் வந்துபோகும் செலவையும் இழக்கும் நாள் கூலியையும் கொடுப்பது கடமை. ஆனால் கதைக்கு விலை பேசாதீர்கள். பணத்துக்காகச் சொன்ன கதை என்ற பழி கடைசியில் அவர் மேல்தான் விழும்.

எந்தக் கதைகளைத் தேர்ந்தெடுப்பது என்பது கடினமான கேள்வி. அயர்லாந்தில் முதலில் துணிந்து வெளிப்படையாகப் பேசியவர்களுள், பிழைக்க வாய்ப்பில்லாத அளவுக்குக் குறைபாடுள்ள கருவைச் சுமந்து, மருத்துவக் காரணத்துக்காக வெளிநாடு சென்று கருக்கலைப்பு செய்துகொண்ட பெற்றோர்கள் முக்கியமானவர்கள். அவர்களின் துயரம் உண்மையானது. நாட்டின் மனதைத் திறந்ததில் அவர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. ஆனால் இத்தகைய கதைகளால் மட்டும் சுவரை நிரப்பினால், பெருந்துயரம் நேர்ந்தவளுக்கு மட்டும் இந்த உரிமை என்ற எண்ணத்தையே பார்வையாளர் எடுத்துச் செல்வார். மூன்றாவது குழந்தையை வளர்க்க வழியில்லாதவரும், கருத்தடைச் சாதனம் பயன் தராமல் போனவரும், படிப்பை முடிக்க விரும்பியவரும், எந்த வருத்தமும் இல்லாமல் நிம்மதியோடு வீடு திரும்பியவரும் அங்கே இடம்பெற வேண்டும். நிம்மதி அடைந்த பெண்ணின் கதையைச் சேர்க்கத் தயங்கும் அமைப்பாளர்கள் உண்டு. அந்தத் தயக்கத்தோடு அச்சகத்துக்குப் போகாதீர்கள். முதலில் குழுவுக்குள் அதைப் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்.

அடையாளமும் சட்டமும்

பெயரை மாற்றிவிட்டால் அடையாளம் மறைந்துவிடாது. ஊர், வயது, தொழில், குழந்தைகளின் எண்ணிக்கை, மருத்துவமனை ஆகிய ஐந்தில் மூன்று சேர்ந்தாலே அக்கம்பக்கத்தார் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். 2016-இல் வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில், இணையத்தில் வாங்கிய மாத்திரையால் கருக்கலைப்பு செய்துகொண்ட 21 வயதுப் பெண்ணுக்கு, 1861-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் நிறுத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அவரைப் பற்றிக் காவல் துறைக்குத் தெரிவித்தவர்கள் உடன் தங்கியிருந்தவர்களே. ஆபத்து அந்நியரிடமிருந்து வருவதைவிட அறிந்தவரிடமிருந்து வருவதற்கே வாய்ப்பு அதிகம் என்பதை நினைவில் வைத்து, கதையை அவர் வீட்டில் இருக்கும் ஒருவரின் கண்ணால் மீண்டும் ஒருமுறை வாசித்துப் பாருங்கள்.

இந்த இடத்தில் அயர்லாந்து கண்ட ஒரு தீர்வு மிக அழகானது. 2018 தொடக்கத்தில் இன் ஹெர் ஷூஸ் என்ற முகநூல் பக்கம், பெண்கள் அனுப்பிய கதைகளைப் பெயரின்றி வெளியிட்டது. ஒவ்வொரு கதையோடும் முகத்துக்குப் பதிலாகக் காலணிகளின் படம் இருந்தது. முகம் மறைக்கப்பட்ட படம், நிழலுருவம், முதுகு காட்டி அமர்ந்த உருவம் ஆகியவையெல்லாம் குற்றச் செய்திகளில் பார்த்துப் பழகியவை என்பதால், பார்ப்பவர் மனதில் அவை அவமானத்தை ஏற்றிவிடுகின்றன. காலணி அப்படிச் செய்யவில்லை. வேலைக்குப் போகும் காலணி, ஓடப் போகும் காலணி, தேய்ந்துபோன காலணி என்று பார்க்கும்போது இது யாராகவும் இருக்கலாம் என்ற எண்ணமே எழுந்தது. உங்கள் ஊருக்கு வேறு பொருள் பொருந்தலாம். அதைக் கதை சொல்பவரே தேர்ந்தெடுக்கட்டும்.

சட்டத்தை அறிந்தவர் ஒருவர் எல்லாக் கதைகளையும் அச்சுக்கு முன் படித்தே ஆக வேண்டும். இந்தியாவில் 1971-ஆம் ஆண்டின் மருத்துவ முறைக் கருக்கலைப்புச் சட்டம், 2021 திருத்தத்துக்குப் பின், 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்தின் பேரிலும், குறிப்பிட்ட வகைப் பெண்களுக்கு 24 வாரம் வரை இரண்டு மருத்துவர்களின் கருத்தின் பேரிலும் கருக்கலைப்பை அனுமதிக்கிறது. மணமாகாத பெண்களை அந்த 24 வார வரம்பிலிருந்து விலக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பர் 29 அன்று தீர்ப்பளித்தது. பெண்ணின் அடையாளத்தை மருத்துவர் வெளியிடுவது 1971-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 5-ஏ பிரிவின்படி ஓராண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். எனினும் அந்தச் சட்டத்துக்கு வெளியே நடப்பது இந்தியாவின் குற்றவியல் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 88-ஆம் பிரிவின்படி இன்றும் குற்றம். தானே கருவைக் கலைத்துக்கொள்ளும் பெண்ணையும் அந்தப் பிரிவு உள்ளடக்குகிறது. இந்தியாவில் 2015-இல் நடந்ததாக மதிப்பிடப்பட்ட 1 கோடியே 56 லட்சம் கருக்கலைப்புகளில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு, மருத்துவமனைக்கு வெளியே மாத்திரையால் நடந்தவை என்று 2018-இல் வெளியான ஆய்வு கூறியது. ஆகவே நீங்கள் கேட்கப்போகும் கதைகளிலும் பெரும்பாலானவை மருந்துக் கடையில் தொடங்கும் கதைகளாகவே இருக்கும் என எதிர்பார்த்து, ஆண்டையும் இடத்தையும் கடையையும் விட்டுவிட்டு எழுதுங்கள்.

18 வயதுக்கு உட்பட்டவரிடம் கதை வாங்காதீர்கள். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவு, அத்தகைய குற்றம் நடந்தது தெரிந்த எவரும் புகார் தெரிவிக்க வேண்டும் என்கிறது. கேட்டுவிட்டுச் சும்மா இருப்பது உங்களுக்கும், புகார் கொடுப்பது அந்தச் சிறுமிக்கும் நீங்கள் நினைத்திராத விளைவுகளைக் கொண்டுவரலாம். பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடுவதும் குற்றம். இலங்கையில் நிலைமை இன்னும் கடுமை: 1883-ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை, பெண்ணின் உயிரைக் காக்கும் நோக்கத்துக்கு மட்டுமே விலக்கு அளிக்கிறது. அங்கே வாழும் ஒரு பெண்ணின் குரலையோ கையெழுத்தையோ காட்சிக்கு வைப்பதே அவருக்கு ஆபத்தாகலாம் என்பதால், குரலை வேறொருவர் வாசித்துப் பதிவு செய்வதும், அப்படிச் செய்திருக்கிறோம் என்று பார்வையாளருக்கு வெளிப்படையாகச் சொல்வதும் நல்லது.

சுவர் யாருடையது

டப்ளின் நகரின் டெம்பிள் பார் பகுதியில் உள்ள ப்ராஜெக்ட் ஆர்ட்ஸ் சென்டர் என்ற கலைக்கூடத்தின் வெளிச்சுவரில், 2016 ஜூலையில் மேசர் என்ற ஓவியர், சிவப்பு இதயத்துக்குள் எட்டாவது திருத்தத்தை நீக்கக் கோரும் வாசகத்தைத் தீட்டினார். திட்ட அனுமதி இல்லை என்று நகராட்சி சொன்னதால், சில வாரங்களுக்குள்ளாகவே அது அழிக்கப்பட்டது. வாக்கெடுப்புக்கு முந்தைய மாதம், 2018 ஏப்ரலில், அதே ஓவியம் அதே சுவரில் மீண்டும் தோன்றியபோது, அறக்கட்டளையாகப் பதிவு பெற்ற நிறுவனம் அரசியல் செயல்பாட்டில் ஈடுபடக் கூடாது என்று அறக்கட்டளை ஒழுங்குமுறை ஆணையம் தலையிட்டது. ஓவியத்தின் மேல் மறுபடியும் வண்ணம் பூச வேண்டியதாயிற்று. இரண்டு முறையும் அழிப்பே செய்தியாகி ஓவியத்தை மேலும் பரப்பியது என்றாலும், அதை நம்பி நீங்கள் திட்டமிட முடியாது. இடம் கொடுக்கும் கல்லூரிக்கோ நூலகத்துக்கோ அறக்கட்டளைக்கோ என்ன கட்டுப்பாடுகள் உண்டு என்று எழுத்தில் கேட்டு, உள்ளாட்சி அமைப்பின் அனுமதியையும் தேவையானால் காவல் நிலையத்தின் அனுமதியையும் எழுத்தில் பெற்று, அந்தக் கடிதங்களின் நகலைக் கண்காட்சி நடக்கும் இடத்திலேயே வைத்திருங்கள். தேர்தல் காலத்தில் நடத்துவதாக இருந்தால் தனியாக விசாரிக்க வேண்டும். எதிர்ப்பு வந்தால் உடனே மாறிச் செல்ல இரண்டாவது இடம் ஒன்று கையில் இருக்கட்டும்.

சுவரே வேண்டாம் என்று முடிவு செய்யவும் செய்யலாம். 2015-இல் அயர்லாந்தின் ஓவியர்களும் எழுத்தாளர்களும் சேர்ந்து தொடங்கிய கலைஞர் இயக்கம், 2018 ஏப்ரலில் லிமெரிக் நகரில் நடந்த ஈவா கலைவிழாவின்போது, கையால் தைத்த பெரிய துணிப் பதாகைகளை ஏந்தி வீதிகளில் ஊர்வலம் வந்தது. தேவாலய ஊர்வலங்களைப் பார்த்து வளர்ந்த மக்களுக்கு அந்த வடிவம் மிகவும் பழகியது. அந்தப் பழகிய வடிவத்துக்குள் புதிய கோரிக்கை வந்தபோது பார்த்தவர்கள் நின்றார்கள். துணிப் பதாகையைச் சுருட்டி எடுத்துச் செல்லலாம், ஒரே நாளில் மூன்று ஊர்களில் காட்டலாம், இடையூறு வந்தால் உடனே அகற்றலாம். தைக்கும் வேலையே பெண்களை ஒன்றாக உட்கார வைத்துப் பேச வைக்கும் என்பதால், ஃபிளெக்ஸில் அச்சடிப்பதைவிட இதையே நான் பரிந்துரைப்பேன்.

என்ன காட்டுவது, எப்படிக் காட்டுவது

இரத்தம், கம்பி, அறுவைக் கருவி ஆகியவற்றின் படங்களைத் தவிர்த்துவிடுங்கள். அவை கருக்கலைப்பு என்றாலே பயங்கரம் என்ற எண்ணத்தையே வலுப்படுத்தும். அந்த அனுபவத்தைத் தாண்டி வந்த பெண் பார்வையாளராக வந்திருந்தால் அவரைப் புண்படுத்தவும் செய்யும். இதற்கு நான் எப்போதும் எடுத்துக்காட்டாகச் சொல்வது போர்ச்சுகல் நாட்டில் பிறந்த ஓவியர் பவுலா ரேகோவை. 1998 ஜூனில் அந்நாட்டில் கருக்கலைப்பை அனுமதிக்கும் பொதுவாக்கெடுப்பு, பெரும்பாலோர் வாக்களிக்கவே போகாத நிலையில், தோல்வியடைந்தபோது, அவர் அந்தக் கோபத்தில் ஒரு வரிசை ஓவியங்களைத் தீட்டினார். சட்டத்துக்குப் புறம்பாகக் கருக்கலைப்பு செய்துகொண்டு கட்டிலிலும் நாற்காலியிலும் தனியாகக் கிடக்கும் பெண்கள். ஒருத்தி பள்ளிச் சீருடையில் இருக்கிறாள். எங்கும் இரத்தம் இல்லை. சிலர் நம்மை நேராகப் பார்க்கிறார்கள். பிறகு அதே காட்சிகளைப் பல படிகள் அச்சிடக்கூடிய செதுக்கோவியங்களாகவும் செய்தார். 2007 பிப்ரவரியில் நடந்த இரண்டாம் வாக்கெடுப்புக்கு முன் போர்ச்சுகல் நாளிதழ்கள் அவற்றை வெளியிட்டன. அந்த முறை கோரிக்கை வென்றது. ஒரே ஒரு மூலப்படத்தைக் கூடத்தில் பூட்டிவைக்காமல், எளிதில் அச்சாகிப் பரவும் வடிவில் செய்தது அவர் எடுத்த நல்ல முடிவு.

கதைகளின் எண்ணிக்கையைக் குறைவாக வையுங்கள். பத்துப் பன்னிரண்டு கதைகள் போதும். ஒவ்வொன்றும் இருநூறு சொற்களுக்குள் இருந்தால் நின்றுகொண்டு வாசிக்க முடியும். பலகையின் நடுப்பகுதி தரையிலிருந்து ஏறத்தாழ 150 செ.மீ. உயரத்தில் இருக்கட்டும், எழுத்து, கண்ணாடி அணியாத அறுபது வயதுப் பெண்மணி வாசிக்கும் அளவுக்குப் பெரிதாக இருக்கட்டும். வாசிக்கத் தெரியாதவர்களுக்காகச் சில கதைகளையாவது காதில் மாட்டிக் கேட்கும் கருவியில் ஒலிக்கச் செய்யுங்கள். ஒலிபெருக்கியில் வேண்டாம், ஏனென்றால் இந்தக் கதைகள் ஒருவர் காதுக்குள் தனியாகச் சொல்லப்பட வேண்டியவை. உட்கார நாற்காலிகள் வேண்டும். கூட்டத்தைக் கடக்காமல் வெளியே போக ஒரு வழியும், மனம் கலங்கியவர் சற்று நேரம் இருக்க ஒரு தனியிடமும், அங்கே பயிற்சி பெற்ற ஆலோசகர் ஒருவரும் இருக்க வேண்டும்.

டப்ளின் ஃப்ரிஞ்ச் விழாவில் 2017-இல் கிரேஸ் டயஸ், எம்மா ஃப்ரேசர் என்ற இரு கலைஞர்கள் நாட் அட் ஹோம் என்ற படைப்பைக் காட்டினார்கள். பிரிட்டனுக்குப் பயணம் செய்த பெண்களின் வாக்குமூலங்களைக் கேட்டபடி, மருத்துவமனையின் காத்திருப்பு அறையைப் போல அமைக்கப்பட்ட இடத்தில் பார்வையாளர்கள் அமர்ந்திருந்தார்கள். செலவு அதிகமில்லாத உத்தி இது. அரசு மருத்துவமனையின் நீண்ட பெஞ்சும், டோக்கன் சீட்டும், சுவரில் ஓடும் கடிகாரமும் இருந்தால் எந்த ஊரிலும் அந்த அறையை உருவாக்கிவிடலாம்.

தமிழ்நாட்டில் நடத்துவோர் கவனிக்க வேண்டிய இன்னொரு செய்தி உண்டு. கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று கண்டறிவது குற்றம் என்ற அறிவிப்புப் பலகை ஒவ்வொரு ஸ்கேன் மையத்திலும் தொங்குகிறது. 1994-ஆம் ஆண்டுச் சட்டம் அதைக் கட்டாயமாக்கியிருக்கிறது, அது அவசியமானதும்கூட. ஆனால் அதைப் படித்துப் பழகிய பலர், கருக்கலைப்பே சட்டவிரோதம் என்று நம்புகிறார்கள். பெண் சிசுக்கொலையின் நினைவு இன்னும் ஆறாத மாவட்டங்களில், உங்கள் கண்காட்சி அதற்கு ஆதரவானது என்று சந்தேகப்படவும் கூடும். எனவே நுழைவாயிலிலேயே இரண்டையும் பிரித்துச் சொல்லும் பலகை ஒன்றைத் தெளிவான தமிழில் வையுங்கள்.

இறந்தவரின் முகம்

இந்தியர்களாகிய நமக்கு அயர்லாந்தின் இந்த வரலாற்றில் நேரடித் தொடர்பு உண்டு. கர்நாடகத்தின் பெலகாவியிலிருந்து சென்ற 31 வயதுப் பல் மருத்துவர் சவிதா ஹலப்பனவர், 17 வாரக் கர்ப்பத்தில் கருச்சிதைவு தொடங்கிய நிலையில், 2012 அக்டோபரில் கால்வே மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்டார். கரு பிழைக்காது என்று தெரிந்த பிறகு கருக்கலைப்பு கேட்டபோது, கருவின் இதயம் துடிக்கிறது என்ற காரணத்தால் அது மறுக்கப்பட்டது. செப்சிஸ் எனப்படும் கடும் நோய்த்தொற்றால் அக்டோபர் 28 அன்று அவர் இறந்தார். அவர் மரணத்தை விசாரித்த குழுவுக்குத் தலைமை தாங்கியவர், இலங்கைத் தமிழரான மகப்பேறு மருத்துவப் பேராசிரியர் சபாரத்தினம் அருள்குமரன். மருத்துவர்களின் கையைக் கட்டிப்போட்டது சட்டம்தான் என்று 2017-இல் அவர் அயர்லாந்து நாடாளுமன்றக் குழுவிடம் சாட்சியம் அளித்தார்.

2018 மே மாதம் டப்ளினில் ஏச்சஸ் என்ற ஓவியர் சவிதாவின் பெரிய முகத்தைச் சுவரில் தீட்டினார். வாக்களித்துவிட்டு வந்தவர்கள் சிறு சீட்டுகளில் அவரிடம் மன்னிப்புக் கேட்டும் நன்றி சொல்லியும் எழுதி ஒட்டியதில் அந்தச் சுவரே நிறைந்துபோனது. இறந்த பெண்ணின் முகத்தை நீங்களும் பயன்படுத்த நினைத்தால், முதலில் அவர் குடும்பத்தின் விருப்பத்தைக் கேளுங்கள். சவிதாவின் கணவர் தாமே பத்திரிகையிடம் பேசியவர்; சவிதாவின் பெற்றோர் தடையை நீக்க வாக்களிக்கும்படி அயர்லாந்து மக்களை வெளிப்படையாகவே வேண்டிக்கொண்டவர்கள். அத்தகைய விருப்பம் இல்லாத இடத்தில், நியாயம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும், அந்த முகத்தைத் தொடக் கூடாது.

கண்காட்சி நாளிலும் அதன் பிறகும்

தன்னார்வலர்களுக்கு நீங்கள் தர வேண்டிய பயிற்சி வாதத்தில் வெல்வதற்கானதல்ல. கேள்வி கேட்பவருக்குச் சட்டமும் மருத்துவமும் தொடர்பான பதிலைச் சுருக்கமாகச் சொல்லவும், சத்தம் போடுபவரை மரியாதையோடு வாசல் வரை அழைத்துச் செல்லவும், யாராவது அழுதால் கேள்வி கேட்காமல் அருகில் நிற்கவும் பழக்குங்கள். 2018-இல் எதிர்த்தரப்பினர் டப்ளினின் மகப்பேறு மருத்துவமனைகளுக்கு வெளியே சிதைந்த கருவின் படங்களை ஏந்தி நின்றபோது, சில இளைஞர்கள் அவர்களோடு சண்டை போடாமல், விரித்த துணிகளால் அந்தப் படங்களை மறைத்தபடி நின்றார்கள். கர்ப்பிணிகளும் கருவை இழந்தவர்களும் நடந்து போகும் வழி அது என்பதை அவர்கள் மறக்கவில்லை.

தன் கதையைக் காட்சிக்குக் கொடுத்தவர் அன்று வருவதாக இருந்தால், தம்மை யார் என்று வெளிப்படுத்திக்கொள்ளும்படி மேடையிலிருந்து அவரைத் தூண்டாதீர்கள். கூட்டத்தின் கைதட்டலில் உணர்ச்சிவசப்பட்டுச் சொல்லிவிட்டு, வீட்டுக்குப் போனபின் அதற்குரிய விலையைத் தனியாகக் கொடுப்பவர் அவர்தான். பெயரோடு பேச முன்வருபவருக்கு, அடுத்த சில வாரங்கள் வசைச் செய்திகளை அவர் கண்ணில் படாமல் வடிகட்டவும், தினமும் ஒருமுறை அழைத்துப் பேசவும் ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். 1971 ஏப்ரலில் பிரான்சில் 343 பெண்கள், தாங்கள் கருக்கலைப்பு செய்துகொண்டவர்கள் என்று ஒரே அறிக்கையில் கையெழுத்திட்டு வெளியிட்டார்கள். ஒருவர் மட்டும் சொல்லியிருந்தால் வழக்கு வந்திருக்கக்கூடிய ஒன்றை, அத்தனை பேர் சேர்ந்து சொன்னபோது அரசால் ஒன்றும் செய்ய முடியவில்லை. தனியாக ஒருவரை முன்னிறுத்துவதைவிடப் பலரைச் சேர்த்து நிறுத்துவது எப்போதும் பாதுகாப்பானது.

பார்வையாளர்கள் எழுத ஒரு மேசையும் சீட்டுகளும் வையுங்கள். அவற்றில் யாரேனும் தம் அனுபவத்தை முதல் முறையாக எழுதிவிட்டுப் போவார்கள். அதையும் வாங்கிய கதையைப் போலவே பத்திரமாகக் கையாள வேண்டும், அங்கேயே படம் பிடித்துப் பதிவிடக் கூடாது. டப்ளின் சுவரில் ஒட்டப்பட்ட சீட்டுகள் மழையில் போய்விடாமல் சேகரிக்கப்பட்டு, நகர நூலகத்தின் ஆவணக்காப்பகத்தில் ஒப்படைக்கப்பட்டன. அப்படிப் பாதுகாக்க உங்களால் முடியாதென்றால், அதையும் மேசையிலேயே எழுதி வையுங்கள்.

கண்காட்சியைக் காண வராதவர்களிடம் அதைக் கொண்டுபோவது கடைசி வேலை. எட்டாவது திருத்தத்தையும் ஆராய்வதற்காக அயர்லாந்தில் 2016-இல் தொடங்கிய மக்கள் பேரவையில், நீதிபதி மேரி லாஃபோயின் தலைமையில் 99 குடிமக்கள் அமர்ந்து, மருத்துவர்களையும் சட்ட வல்லுநர்களையும் கேட்டதோடு, கருக்கலைப்பு செய்துகொண்ட பெண்கள் சிலரின் பதிவு செய்யப்பட்ட குரல்களையும் கேட்டார்கள். அந்தப் பெண்கள் எவரும் அங்கே எழுந்து நின்று குறுக்குக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. உங்கள் சட்டமன்ற உறுப்பினரிடமும் மாவட்டச் சுகாதார அலுவலரிடமும் இதே முறையில் செல்லலாம்: ஒப்புதல் உள்ள கதைகளில் மூன்றைத் தேர்ந்து, அவற்றோடு உங்கள் ஒரே கோரிக்கையை ஒரு பக்கத்தில் எழுதி, வந்த பார்வையாளர்களின் எண்ணிக்கையையும் குறிப்பிட்டு நேரில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்தை வாங்கிக்கொள்ளுங்கள். பதில் வந்தாலும் வராவிட்டாலும் அதைக் கதை சொன்ன ஒவ்வொருவருக்கும் தெரிவியுங்கள். ஆவணப்படுத்த ஒப்புக்கொள்ளாதவர்களின் ஒலிப்பதிவுகளையும் தொலைபேசி எண்களையும், ஒப்புதல் படிவத்தில் நீங்கள் எழுதிக் கொடுத்த தேதிக்குள், கணினியிலும் கைபேசியிலும் தன்னார்வலர்களின் வாட்ஸ்அப் குழுக்களிலும் தேடி அழித்துவிட்டு, அழித்தாயிற்று என்று அவர்களுக்குச் சொல்லுங்கள்.